பழைய சிஸ்டம் ஆன் ஆகல, எஸ்எம்பிஎஸ் போச்சா போர்டு போச்சா? எடை மேடை கம்ப்யூட்டர், பர்கூர் பக்கம்

எடைமேடை பர்கூர்

வணக்கம்ங்க. பர்கூர் பக்கத்துல லாரி எடை மேடையில வேலை பாக்கறேன். கிரானைட் லோடு, இப்ப சீசன்ங்கறதால கூழ் ஃபேக்டரிக்கு போற மாங்கா லோடு, ரெண்டும் நம்ம மேடை மேலதான் ஏறி இறங்குது. இங்க இருக்கற சிஸ்டம் ரொம்ப பழசு, ஜி31 மதர்போர்டு, கோர் 2 டுயோ இ7500 பிராசஸர், 2 ஜிபி டிடிஆர்2 ரேம், 160 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் எக்ஸ்பி. புதுசு வாங்கிக்கோன்னு எல்லாரும் சொல்றாங்க, ஆனா எடை இண்டிகேட்டர்ல இருந்து வர்ற கேபிள் சீரியல் போர்ட்லதான் மாட்டணும், டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் பேரலல் போர்ட்ல, அந்த போர்ட்லயே நடுவுல சாஃப்ட்வேர் டாங்கிள் ஒண்ணு இருக்கு, அது இல்லன்னா சாஃப்ட்வேர் திறக்கவே திறக்காது, அத எழுதிக் குடுத்தவர் இப்ப இந்த தொழில்லயே இல்ல. அதனால இந்த பெட்டியத்தான் எப்படியாவது ஓட வெக்கணும்.

கொஞ்ச நாளாவே காலைல முதல் தடவ பட்டன அமுக்குனா எதுவும் நடக்காது, திரும்பத் திரும்ப அமுக்கிட்டே இருந்தா ஒரு கட்டத்துல ஆன் ஆயிடும், அப்புறம் நாள் பூரா ஒரு தொந்தரவும் இல்ல, மத்தியானம் ஆஃப் பண்ணி ஆன் பண்ணா கூட உடனே வந்துடும். நேத்து சாயங்காலம் இடி மழை, கரண்டு போய்ப் போய் வந்துச்சு, அதுக்கப்புறம் சுத்தமா படுத்துடுச்சு. பட்டன அமுக்குனா உள்ள ஃபேன் லேசா ஒரு ஆட்டு ஆடி நின்னுடுது, பீப் இல்ல, டிஸ்ப்ளே இல்ல. ஆனா போர்டு ஓரத்துல பச்ச லைட்டு மட்டும் எரியுது.

ஒரு கடையில போன் பண்ணி கேட்டேன், போர்டு போயிருக்கும் புது சிஸ்டம் எடுத்துக்கங்கன்னாங்க. இன்னொரு கடையில பாக்காமலே எஸ்எம்பிஎஸ்தான் (கம்ப்யூட்டருக்குள்ள கரண்டு குடுக்கற பவர் சப்ளை டப்பா), 500 வாட்ஸ் 750 ரூபா, வந்து வாங்கிட்டுப் போங்கன்னாங்க. எத நம்பறதுன்னு தெரியல. இண்டிகேட்டரப் பாத்து கையில சீட்டு எழுதிக் குடுத்துகினு இருக்கோம், லாரிங்க ரோடு வரைக்கும் நிக்குது. எங்கிட்ட மல்டிமீட்டர் இருக்கு, வீட்டு வயரிங் வேல ஓரளவுக்கு வரும். காசு போடறதுக்கு முன்னாடி நானே பாத்து எது போச்சுன்னு கண்டுபிடிக்க முடியுமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

தகடூர் டெக்

அண்ணா, நேத்து அடிச்ச மழைய விட நீங்க அதுக்கு முன்னாடி சொன்னதுதான் முக்கியம். காலைல குளுந்து கெடக்கறப்ப பல தடவ அமுக்குனாத்தான் வரும், ஒரு தடவ சூடாயிட்டா நாள் பூரா வரும்னா அது எஸ்எம்பிஎஸ் உள்ள இருக்கற எலக்ட்ரோலைடிக் கெப்பாசிட்டருங்க காஞ்சு போனதோட அறிகுறி. வயசான கெப்பாசிட்டர் குளுந்து இருக்கறப்ப ஒழுங்கா வேல செய்யாது, சூடேறுனா கொஞ்சம் தேறும். மழையில கரண்டு போய்ப் போய் வந்தது கடைசி அடியா விழுந்திருக்கும், அவ்ளோதான். தர்மபுரியில நான் பிரிச்சு பாக்கற பழைய சிஸ்டம்ல பாதிக்கு மேல இதே கதைதான்.

ஆனா நான் சொல்றத வெச்சும் வாங்கிடாதீங்க, அளந்து பாத்துட்டு வாங்குங்க. மொதல்ல வெளிய இருந்து வாங்க. மானிட்டருக்கு போற பவர் கேபிளும் சிபியுக்கு போறதும் ஒரே மாதிரிதான், மாத்தி மாட்டிப் பாருங்க. ஸ்பைக் பஸ்டர் இல்லாம நேரா செவுத்து பிளக்குல போட்டுப் பாருங்க. எஸ்எம்பிஎஸ் பின்னாடி சின்னதா ஒரு செவப்பு சுவிட்ச் இருந்தா அதுல 230 தெரியணும், யாராவது தொடைக்கறப்ப 115 பக்கம் தள்ளிட்டு நம்ம ஊரு கரண்டு குடுத்தா உள்ள இருக்கற பெரிய கெப்பாசிட்டர் வெடிச்சிடும், அத சும்மா கூட நகத்திப் பாக்கக் கூடாது.

அடுத்து பட்டன். கேபினெட் முன்னாடி இருக்கற பட்டன் தூசி அடைச்சு சரியா ஒட்டாம போறதும் உண்டு. போர்டுல முன் பக்கத்து வயருங்க மாட்டற எடத்துல பவர் சுவிட்ச்னு எழுதியிருக்கற ரெண்டு பின்னோட வயர உருவிட்டு, ஸ்க்ரூடிரைவர் முனையால அந்த ரெண்டு பின்ன மட்டும் ஒரு நொடி தொட்டு எடுங்க. வந்துட்டா பட்டன்தான் குத்தம். அதே ஆட்டு ஆடி நின்னா மேல பாக்கலாம்.

இப்ப மல்டிமீட்டர டிசி 20 வோல்ட்ல வைங்க. எஸ்எம்பிஎஸ்ல இருந்து போர்டுக்கு போற பெரிய 24 பின் கனெக்டர கழட்ட வேணாம், மாட்டுனபடியே பின்பக்கமா, வயர் உள்ள போற ஓட்டைல மீட்டரோட செவப்பு முனைய செருகலாம். கருப்பு முனைய ஏதாவது ஒரு கருப்பு வயர்ல வைங்க. செருகறப்ப முனை பக்கத்து வயர்ல பட்டு ஷார்ட் ஆகாம பாத்துக்கங்க. மெயின் சுவிட்ச் ஆன்ல இருக்கணும், கம்ப்யூட்டர் ஆஃப்ல இருக்கணும். ஊதா கலர் வயர பாருங்க, அதுதான் ஸ்டான்ட்பை, கம்ப்யூட்டர் ஆஃப்ல இருந்தாலும் அதுல எப்பவும் 5 வோல்ட் வந்துகினே இருக்கணும். 4.75க்கு கீழ போகக் கூடாது, 5.25க்கு மேலயும் போகக் கூடாது. போர்டுல பச்ச லைட்டு எரியறதால ஸ்டான்ட்பை நல்லாருக்குன்னு நெனைக்காதீங்க, அந்த எல்ஈடி 4 வோல்ட்லயும் எரியும்.

அப்புறம் பச்ச வயர். அது போர்டு எஸ்எம்பிஎஸ்ஸப் பாத்து ஆன் ஆகுன்னு சொல்ற வயர். ஆஃப்ல 3ல இருந்து 5 வோல்ட்டுக்குள்ள இருக்கும், பட்டன அமுக்குனதும் சரேல்னு 0 பக்கம் எறங்கணும். எறங்கலன்னா போர்டு சொல்லவே இல்லன்னு அர்த்தம். எறங்கியும் மஞ்சள்ல 12, செவப்புல 5, ஆரஞ்சுல 3.3 வரலன்னா எஸ்எம்பிஎஸ் பக்கம் சந்தேகம். இந்த மூணுக்கும் 5 சதவீதம் கூடக் கொறைய இருக்கலாம், அதாவது மஞ்சள்ல 11.4ல இருந்து 12.6 வரைக்கும் சரி.

ஒண்ணு மட்டும் கேட்டுக்கறேன், எஸ்எம்பிஎஸ் டப்பாவ மட்டும் பிரிக்காதீங்க. 230 வோல்ட் ஏசி உள்ள போய் டிசியா மாறுனா 325 வோல்ட் கிட்ட வரும், அது பெரிய கெப்பாசிட்டர்ல நிக்கும், பிளக்க உருவிட்டா கூட உடனே எறங்கும்னு சொல்ல முடியாது.

ஓசூர் லைன்மேன் பையன்

ப்ரோ இவ்ளோ எல்லாம் எதுக்கு, 24 பின்ன போர்டுல இருந்து உருவிடுங்க, பச்ச வயரையும் பக்கத்து கருப்பு வயரையும் ஒரு ஜெம் கிளிப் வெச்சு ஷார்ட் பண்ணுங்க, எஸ்எம்பிஎஸ் ஃபேன் சுத்துச்சுன்னா எஸ்எம்பிஎஸ் ஓகே, போர்டு அவுட். சுத்தலன்னா எஸ்எம்பிஎஸ் அவுட். ரெண்டு நிமிஷ வேலை. அப்படியே ரேம எடுத்து அழி ரப்பர் போட்டு தேச்சு மாட்டிடுங்க.

தகடூர் டெக்

தம்பி, ஜெம் கிளிப் டெஸ்ட் நல்ல டெஸ்ட்தான், நானும் பண்றதுதான். சுத்தலன்னா எஸ்எம்பிஎஸ் போச்சுன்னு தைரியமா சொல்லலாம். ஆனா சுத்துனா நல்லாருக்குன்னு சொல்ல முடியாது, அங்கதான் நெறைய பேர் போர்ட தூக்கிப் போட்டுட்டு அப்புறம் வருத்தப்படறாங்க. ஃபேன் சுத்தறதுக்கு ரெண்டு மூணு வாட்ஸ் போதும், 12 வோல்ட் 9க்கு எறங்குனா கூட அது சுத்திகினே இருக்கும். கெப்பாசிட்டர் போன மோட்டார் உறுமும் ஆனா தண்ணி ஏத்தாது இல்ல, அது மாதிரி. போர்டும் பிராசஸரும் இழுக்கறப்ப நிக்குதாங்கறதுதான் கேள்வி.

அதனால கிளிப் போடறப்ப சும்மா போடாம ஒரு பழைய டிவிடி டிரைவோ வேண்டாத ஹார்ட் டிஸ்கோ லோடுக்கு மாட்டுங்க, டேட்டா இருக்கற டிஸ்க மாட்டவே கூடாது. அப்பறம் மீட்டர் வெச்சு மஞ்சள், செவப்பு, ஆரஞ்சு மூணும் பாருங்க. கூடவே சாம்பல் கலர் வயர். அது பவர் குட். எல்லா வோல்டேஜும் நிலைக்கு வந்துடுச்சுன்னு எஸ்எம்பிஎஸ் போர்டுக்கு குடுக்கற சிக்னல், ஆன் ஆன அரை நொடிக்குள்ள 5 வோல்ட் பக்கம் வந்து நிக்கணும். அது வரலன்னா பிராசஸர் எழுந்திருக்கவே செய்யாது, ஃபேன் எவ்ளோ சுத்துனாலும் சரி.

ரேம் பத்தி சொன்னீங்க. ரேம் கோளாறுன்னா பெரும்பாலும் ஃபேன் நிக்காம ஓடும், பீப் விட்டு விட்டு அடிக்கும். அண்ணாவுக்கு ஃபேனே ஆடி நின்னுடுது, அதனால ரப்பர் இப்ப வேணாம்.

காவேரிப்பட்டணம் எலக்ட்ரானிக்ஸ்

நான் போர்டு லெவல்ல சர்வீஸ் பண்றவன், ஒண்ணு சேத்துக்கறேன். ஃபேன் ஒரு ஆட்டு ஆடி நிக்கறதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு, போர்டுல எங்கயாவது ஷார்ட் இருந்தா நல்ல எஸ்எம்பிஎஸ் கூட தன்னைக் காப்பாத்திக்க ஒடனே கட் ஆயிடும். அத பிரிச்சுப் பாக்க ஒரு வழி இருக்கு. பிராசஸர் பக்கத்துல மஞ்சள் ரெண்டு கருப்பு ரெண்டு வயரோட ஒரு சின்ன 4 பின் கனெக்டர் இருக்கும், பிராசஸருக்கு 12 வோல்ட் அது வழியாத்தான் போகுது. மெயின் ஆஃப் பண்ணி அத மட்டும் உருவிட்டு, திரும்ப ஆன் பண்ணி பட்டன அமுக்குங்க. டிஸ்ப்ளே வராது, அது பரவால்ல. ஆனா ஃபேன் நிக்காம ஓடுச்சுன்னா பிராசஸர் பக்கத்து மாஸ்ஃபெட் (பிராசஸருக்கு கரண்ட மாத்திக் குடுக்கற சின்ன பாகம்) ஷார்ட் ஆயிருக்க வாய்ப்பு அதிகம், அப்படி இருந்தா எஸ்எம்பிஎஸ் மாத்துனாலும் அதே கதைதான் நடக்கும். உருவியும் அதே மாதிரி ஆடி நின்னா ஹார்ட் டிஸ்க், டிவிடி, யுஎஸ்பில மாட்டுனது, ஏதாவது கார்டு இருந்தா அது, எல்லாத்தையும் ஒண்ணொண்ணா உருவிப் பாருங்க.

டார்ச் அடிச்சு பிராசஸர சுத்தி நிக்கற கெப்பாசிட்டருங்கள பாருங்க. தலை தட்டையா இருக்கணும். மேல கோடு போட்ட எடம் லேசா உப்பி இருந்தாலோ, அடியில பழுப்பு கலர்ல பசை மாதிரி கசிஞ்சு காஞ்சிருந்தாலோ அது போச்சு. 2000ங்கள்ல வந்த போர்டுங்கள்ல இந்த கெப்பாசிட்டர் நோய் உலகம் பூராவுமே பெருசா வந்துச்சு. உங்க ஜி31 கொஞ்சம் பிந்தி வந்ததுதான், இருந்தாலும் பாத்துடுங்க. உப்பியிருந்தா போர்ட தூக்கிப் போட வேணாம், அதே மைக்ரோஃபாரட், அதே இல்லன்னா அதுக்கு மேல வோல்ட், 105 டிகிரி, லோ ஈஎஸ்ஆர் (உள் ரெசிஸ்டன்ஸ் கம்மியானது)னு கேட்டு வாங்கி மாத்திடலாம், நான் மாத்துன போர்டுங்க இன்னும் ஓடுது.

எடைமேடை பர்கூர்

ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். மேடைய கொஞ்ச நேரம் இன்னொருத்தர் கையில குடுத்துட்டு உக்காந்து பாத்தேன்.

கேபிள் மாத்தியாச்சு, ஸ்க்ரூடிரைவர் வெச்சு ரெண்டு பின்ன தொட்டுப் பாத்தாச்சு, அதே ஆட்டுதான். ஊதா வயர்ல 4.38 காட்டுது, பட்டன அமுக்கறப்ப 3.9 வரைக்கும் எறங்கி திரும்ப மேல வருது. பச்ச வயர் அமுக்குனதும் 0 பக்கம் போகுது, ஒடனே திரும்ப ஏறிடுது. 4 பின்ன உருவிட்டுப் பாத்தேன், ஹார்ட் டிஸ்க்கையும் டிவிடியையும் உருவிட்டுப் பாத்தேன், மாத்தமே இல்ல. போர்டுல கெப்பாசிட்டர் எதுவும் உப்பல, எல்லாம் தட்டையா இருக்கு, தூசிதான் மாவு மாதிரி ஒட்டிக் கெடந்துச்சு, ப்ளோயர் வெச்சு ஊதி எடுத்தேன்.

அப்புறம் போர்டுல இருந்து கழட்டி ஜெம் கிளிப் போட்டு, டிவிடி டிரைவ லோடுக்கு மாட்டி அளந்தேன். ஃபேன் சுத்துது, ஆனா மெதுவா. மஞ்சள் 10.7, செவப்பு 4.6, ஆரஞ்சு 3.2, சாம்பல் வயர்ல ஒண்ணுமே இல்ல, 0ல நிக்குது. இத வெச்சு எஸ்எம்பிஎஸ்தான்னு முடிவு பண்ணலாமா? அப்படின்னா என்ன வாங்கறது, 500 வாட்ஸ் 750 ரூபாவுக்கு சொன்னத எடுக்கலாமா? நம்ம பழைய டப்பாவுலயும் 450 வாட்ஸ்னுதான் போட்டிருக்கு.

தகடூர் டெக்

முடிவு பண்ணலாம்ணா, சந்தேகமே வேணாம். ஸ்டான்ட்பை 4.38ங்கறதே போதும், மீதி எல்லாம் அதுக்கு சாட்சி. போர்டு கேக்குது, எஸ்எம்பிஎஸ்ஸால குடுக்க முடியல. போர்டு போச்சுன்னு சொன்னவங்க பேச்ச கேட்டிருந்தா டாங்கிளும் கையுமா நின்னிருப்பீங்க.

வாட்ஸ் விஷயத்துக்கு வரேன், இங்கதான் எனக்கு ரொம்ப ஆதங்கம். டப்பா மேல பெருசா 500ன்னு ஒட்டியிருக்கறத பாக்காதீங்க, பக்கவாட்டுல ஒரு டேபிள் இருக்கும், அதுல 12 வோல்ட்டுக்கு நேரா எத்தன ஆம்பியர்னு பாருங்க. இப்ப 14 ஆம்பியர்னு போட்டிருந்தா 12 இன்ட்டு 14, 168 வாட்ஸ்தான் அந்த லைன்ல கெடைக்கும். அந்தக் காலத்து பென்டியம் 4ல இருந்து பிராசஸர் சாப்பிடறது 12 வோல்ட்லதான், அதனால அதுதான் உண்மையான பலம். சொந்த டேபிள்லயே இப்படி போட்டுட்டு மேல 500ன்னு ஒட்டி விக்கற மட்டமான டப்பாங்க நெறைய வருது. கையில தூக்கிப் பாத்தாலே தெரியும், உள்ள ஃபில்டர் காயில் வெக்க வேண்டிய எடத்துல ஜம்பர் வயர் போட்டிருப்பாங்க, ஹீட்சிங்க் மெல்லிசு தகடு, டப்பா காத்து மாதிரி இருக்கும்.

உங்க சிஸ்டத்துக்கு வாட்ஸ் அதிகமா வேண்டியதே இல்ல. இ7500 பிராசஸரோட டிடிபி, அதாவது முழு வேலையில அது வெளிய விடற சூடு, 65 வாட்ஸ், போர்டு, ரேம், ஹார்ட் டிஸ்க் எல்லாம் சேத்தா 100 வாட்ஸ் பக்கத்துல நிக்கும், தனி கிராஃபிக்ஸ் கார்டு வேற இல்ல. அதனால நேர்மையான 350 வாட்ஸே தாராளம். கடையில பெரும்பாலும் 400, 450லதான் நல்ல பிராண்ட் ஆரம்பிக்குது, கோர்செயர், கூலர் மாஸ்டர், ஆன்டெக், டீப்கூல் இதுல ஏதாவது ஒண்ணு, 80 பிளஸ் (கரண்ட அதிகம் வீணாக்காதுங்கற சான்று) போட்டது எடுங்க. 750 ரூபாவ விட ரெண்டு மூணு மடங்கு ஆகும், ஆனா சில வருஷ வாரன்டி வரும், முக்கியமா போகறப்ப போர்டையும் டிஸ்க்கையும் கூட இழுத்துகினு போகாது. உங்களுக்கு அந்த போர்டு இன்னொண்ணு கெடைக்காதுங்கறத நெனச்சுக்கங்க.

வாங்கறப்ப ரெண்டு விஷயம் கவனிங்க. ஒண்ணு, உங்க ஹார்ட் டிஸ்க், டிவிடி சாட்டாவா (மெல்லிசு டேட்டா கேபிள்), ஐடிஈயா (பழைய அகலமான டேட்டா கேபிள்)ன்னு. ஐடிஈன்னா பெரிய 4 பின் மோலெக்ஸ் வேணும், புதுசுல அது கொறைவாத்தான் குடுக்கறாங்க, எண்ணிப் பாத்து வாங்குங்க. ரெண்டாவது, லேபிள்ல இன்புட் எவ்ளோன்னு பாருங்க. சிலதுல 100ல இருந்து 240ன்னு இருக்கும், சிலதுல 200ல இருந்து 240ன்னு இருக்கும். சாயங்காலம் வோல்டேஜ் 180க்கு எறங்கற லைன்ல இருக்கறவங்க 100-240 பாத்து எடுக்கறதுதான் நல்லது. கிருஷ்ணகிரியில இல்லன்னா ஓசூர்ல கேளுங்க, அங்கயும் இல்லன்னா பெங்களூர் எஸ்பி ரோட்ல கண்டிப்பா கெடைக்கும், நேஷனல் ஹைவேஸ்ல பஸ் ஏறுனா போற தூரம்தானே.

பாலக்கோடு ஸ்கூல் லேப்

குறுக்க வரேன் மன்னிச்சுக்கங்க, எங்க ஸ்கூல் லேப்ல டெல் ஆப்டிப்ளெக்ஸ் 3020 சில மெஷின் இருக்கு, ஒண்ணு இதே மாதிரி ஆன் ஆகல. இதே எஸ்எம்பிஎஸ் வாங்கி மாட்டலாமா சார்?

தகடூர் டெக்

நேரா மாட்டாதுங்க சார். 3020, 7020, 9020 எல்லாத்துலயும் போர்டுல 24 பின்னுக்கு பதிலா 8 பின்தான் இருக்கும், அதுக்கு 24ல இருந்து 8க்கு மாத்தற அடாப்டர் தனியா விக்குது, டெல்லுக்குன்னு கேட்டு வாங்கணும். அதுவும் டவர் மாடல்னாத்தான் சாதாரண எஸ்எம்பிஎஸ் உள்ள உக்காரும், சின்ன ஸ்லிம் கேபினெட்னா சைஸே வேற, அதுக்கு டெல்லுக்குன்னு வர்றதத்தான் தேடணும். எச்பி, லெனோவோவோட ஆபீஸ் மாடல்ங்கள்லயும் கனெக்டர் வேற வேற மாதிரி வரும், எது வாங்கறதுன்னாலும் மூடிய தெறந்து ஒரு போட்டோ எடுத்துகினு கடைக்கு போங்க. லேப்ல அதே மாடல் வேற இருக்கறதால இன்னொரு மெஷின்ல இருந்து எஸ்எம்பிஎஸ்ஸ கழட்டி இதுல போட்டுப் பாத்தா அஞ்சு நிமிஷத்துல விஷயம் தெரிஞ்சிடும்.

அரூர் வயர்மேன்

எல்லாரும் பெட்டிக்குள்ளயே பாக்கறீங்க, நான் வெளிய பாக்கறேன். எடை மேடைன்னா திறந்த வெளி, இரும்பு மேடை, அடியில எடைய உணர்ற லோடு செல்லு, அங்க இருந்து கேபிள் ரூமுக்கு வரும். இடி இடிக்கறப்ப சர்ஜ் (திடீர்னு எகிர்ற வோல்டேஜ்) பவர் லைன்ல மட்டும் வர்றதில்ல, அந்த கேபிள் வழியாவும் வரும், இண்டிகேட்டர்ல நொழஞ்சு சீரியல் போர்ட் வழியா கம்ப்யூட்டருக்கு வரும். மழை இருட்டிகினு வந்தா சீரியல் கேபிள உருவி வெச்சிடுங்கண்ணா, பிளக்க மட்டும் உருவுனா போதாது. சீரியல் ஐசொலேட்டர்னு ஒண்ணு விக்குது, கம்ப்யூட்டருக்கும் இண்டிகேட்டருக்கும் நடுவுல மாட்டறது, ரெண்டுக்கும் நேர் கனெக்‌ஷன் இல்லாம பண்ணிடும்.

அடுத்தது எர்த். கேபினெட்ட வெறுங்காலோட தொட்டா சுருசுருன்னு அடிக்குதா? அடிச்சா எர்த் இல்லன்னு அர்த்தம். எஸ்எம்பிஎஸ் உள்ள இருக்கற ஃபில்டர் பாடிய எர்த்தோட சேத்து வெச்சிருக்கு, எர்த் வராத எடத்துல பாடியில பாதி வோல்டேஜ், 115 பக்கம் நிக்கும். கரண்டு ரொம்ப கம்மிங்கறதால ஆள் சாக மாட்டான், ஆனா சீரியல் போர்ட்டு பிரிண்டர் போர்ட்டெல்லாம் மாட்டறப்ப கழட்டறப்ப அடி வாங்கும். எர்த் குழி காஞ்சு போயிருந்தா தண்ணி ஊத்துங்க, பாறை பூமிங்க நம்மளுது, கரி உப்பு போட்டு நல்லா ஆழமா போட்டாத்தான் எர்த் புடிக்கும். ஏசி மல்டிமீட்டர்ல ஃபேஸுக்கும் எர்த்துக்கும் அளந்தா 230 கிட்ட வரணும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் ஒண்ணு ரெண்டு வோல்ட்டுக்கு மேல வரக் கூடாது.

எடைமேடை பர்கூர்

எஸ்எம்பிஎஸ் கிருஷ்ணகிரியிலயே கெடைச்சுது, 450 வாட்ஸ், 80 பிளஸ் பிரான்ஸ், லேபிள்ல 12 வோல்ட்டுக்கு நேரா இருக்கறத கடைக்காரர் முன்னாடியே படிச்சுப் பாத்து வாங்குனேன். கையில தூக்குனாலே பழசுக்கும் இதுக்கும் வித்தியாசம் தெரியுது.

மாத்தறது ஒண்ணும் கஷ்டமில்ல, புதுசா பண்றவங்களுக்காக எழுதறேன். பிளக்க உருவிட்டு பவர் பட்டன கொஞ்ச நேரம் அமுக்கிப் புடிச்சு மிச்ச கரண்ட எறக்கிட்டு, எது எங்க மாட்டியிருக்குன்னு போன்ல போட்டோ எடுத்துகிட்டு, ஒவ்வொண்ணா கழட்டுனேன். 24 பின்தான் வரமாட்டேன்னு அடம் புடிச்சுது, பக்கவாட்டுல ஒரு கிளிப் இருக்கு, அத மேல்பக்கமா நல்லா அமுக்கிப் புடிச்சுகிட்டு கனெக்டர முன்னபின்ன லேசா ஆட்டி ஆட்டி எடுக்கணும், வயரப் புடிச்சு இழுத்தா போர்டே வளையுது. இன்னொரு கையால போர்ட ஓரத்துல தாங்கிப் புடிச்சுகிட்டா நல்லது. பின்னாடி நாலு ஸ்க்ரூ, அதுங்க இருக்கற எடம் சதுரமா இருக்காது, அதனால தலகீழா மாட்ட முடியாது. பிராசஸர் 4 பின் கேபிள் புதுசுல 4 பிளஸ் 4ன்னு ரெண்டா பிரியுது, ஒண்ணு போதும், இன்னொண்ண கட்டி விட்டுட்டேன்.

ஆன் பண்ணதும் ஒரே பீப், ஒடனே டிஸ்ப்ளே! ஊதா 5.06, மஞ்சள் 12.1, செவப்பு 5.04. ஆனா செக்சம் எரர்னு காட்டி எஃப்1 அமுக்கச் சொல்லுச்சு, தேதி பல வருஷம் பின்னாடி போயிருந்துச்சு. போர்டு பேட்டரிய அளந்தா 2.4தான் இருக்கு. புது சிஆர்2032 போட்டு தேதி வெச்சேன், விண்டோஸ் வந்துடுச்சு, இண்டிகேட்டர்ல இருந்து எடையும் வருது. ஆனா சாஃப்ட்வேர் மட்டும் டாங்கிள் இல்லன்னு சொல்லுது. டாங்கிள கழட்டி மாட்டிப் பாத்தாச்சு. இடியில போயிருக்குமோன்னு பயமா இருக்கு.

காவேரிப்பட்டணம் எலக்ட்ரானிக்ஸ்

பயப்படாதீங்க, மொதல்ல பயாஸ்ல (விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடி வர்ற போர்டோட செட்டிங் ஸ்க்ரீன்) பாருங்க. பேட்டரி போனதால பயாஸ் செட்டிங் எல்லாம் ஃபேக்டரில வந்த மாதிரி ஆயிருக்கும். பேரலல் போர்ட்னு ஒரு எடம் இருக்கும், அதுல மோடு எஸ்பிபின்னோ நார்மல்னோ மாறியிருக்கலாம். அத ஈசிபி இல்லன்னா ஈபிபி, இல்ல ரெண்டும் சேந்ததுன்னு மாத்தி மாத்தி வெச்சு ஒவ்வொரு தடவையும் சேவ் பண்ணிப் பாருங்க. அட்ரஸ் 378ஆ இருக்கணும், ஐஆர்க்யூ 7. பழைய டாங்கிளுங்க இதுல ரொம்ப கறாரா இருக்கும், ஒரு மோடுல தெரியும் இன்னொரு மோடுல தெரியாது. அதுக்கும் வரலன்னா பிரிண்டர கழட்டிட்டு டாங்கிள மட்டும் மாட்டிப் பாருங்க.

எடைமேடை பர்கூர்

வந்துடுச்சுங்க! ஈசிபி பிளஸ் ஈபிபில வெச்சதும் ஒடனே டாங்கிள எடுத்துக்குச்சு. பழைய என்ட்ரி எல்லாம் அப்படியே இருக்கு, சீட்டும் பிரிண்ட் ஆகுது. எங்க முதலாளி புது சிஸ்டம், புது சாஃப்ட்வேர்னு பெரிய செலவுக்கு மனச தயார் பண்ணி வெச்சிருந்தார். உங்க எல்லாருக்கும் மனசார நன்றி சொல்லிக்கறேன். ஒரே ஒரு கேள்வி மட்டும் பாக்கி, நம்மகிட்ட பழைய 600 விஏ யுபிஎஸ் இருக்கு, புது எஸ்எம்பிஎஸ் அதுல ஓடுமா?

தகடூர் டெக்

சந்தோஷம்ணா. யுபிஎஸ்ஸப் பொறுத்தவரைக்கும், உங்க லோடு 100 வாட்ஸ் பக்கம்தான், 600 விஏ தாங்கும். ஆனா ஒண்ணு, புது எஸ்எம்பிஎஸ்ல ஆக்டிவ் பிஎஃப்சி (லைன்ல இருந்து கரண்ட சீரா இழுக்க வெக்கற சர்க்யூட்) இருந்தா சில பழைய யுபிஎஸ் குடுக்கற சதுர அலைய அது ஏத்துக்காது, கரண்டு போன நொடியில கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகும். டாட் மேட்ரிக்ஸ யுபிஎஸ்ல போடாம செவுத்து பிளக்குல போட்டுட்டு, கம்ப்யூட்டர்ல வேல எதுவும் தெறந்து வெக்காம யுபிஎஸ் மாட்டியிருக்கற செவுத்து சுவிட்ச ஆஃப் பண்ணிப் பாருங்க. நின்னுச்சுன்னா நல்லது. ரீஸ்டார்ட் ஆச்சுன்னா மொதல்ல யுபிஎஸ் பேட்டரிய அளந்து பாருங்க, அது நல்லாருந்தா சைன் வேவ் யுபிஎஸ்தான் போகணும்.

அந்த டெஸ்ட்டுக்கு முன்னாடி, இன்னிக்கே, சாஃப்ட்வேர் ஃபோல்டர் மொத்தத்தையும் பென்டிரைவ்ல காப்பி எடுத்துடுங்க. அந்த ஹார்ட் டிஸ்க் கொறஞ்ச வோல்டேஜ்ல ரொம்ப நாள் இழுத்து இழுத்து சுத்தியிருக்கலாம். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ பழைய வெர்ஷன் எக்ஸ்பிலயும் ஓடும், அதுல ரீஅலோகேட்டட் செக்டார் (டிஸ்க்ல கெட்டுப் போய் மாத்துன எடம்), பெண்டிங் செக்டார் (படிக்க முடியாம சந்தேகத்துல இருக்கற எடம்) ரெண்டுலயும் என்ன நம்பர் காட்டுதுன்னு இங்க போடுங்க, 0 இல்லன்னா வேற டிஸ்க்குக்கு குளோன் பண்றத பாத்துக்கலாம்.